நீளமான சங்கீதம்

மாமனார் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்கிறார். ஆனாலும் ஒரு எழுத்துகூட அவரிடம் தப்பாது. குடும்ப ஜெபத்தில் வாசிக்கிற அதிகாரம் முடியாமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது என்பது இந்த வீட்டுச் சட்டம். இன்றைக்கென்று பார்த்து மருமகள் பங்குக்கு வந்திருப்பது வேதப்புத்தகத்திலேயே நீளமான சங்கீதம், நூற்று எழுபத்தாறு வசனம். உள்ளறையில் குழந்தை வீறிடுகிறது. பால் கட்டி மார்பு கனக்க, அவள் ஒரு வசனத்தை மெல்லத் தாண்டுகிறாள். "ஒண்ணு விட்டுட்டியேமா. மறுபடி முதல்லேர்ந்து வா." கணவனைப் பார்க்கிறாள். அவனுக்கு வேதம் கைப்பேசியில். தலை பக்தியாய்க் குனிந்திருக்க, முகத்தில் பச்சையும் சிவப்புமாய் வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்கிறது. "குழந்தை அழுவுது மாமா..." "ஆண்டவர் பாத்துப்பார். நீ படி." விரல் முதல் வரிக்குத் திரும்புகிறது. அவள் படிக்கப் படிக்க உள்ளே அழுகை விக்கலாகி, தேய்ந்து, அடங்குகிறது. "பாத்தியா?" என்கிறார் மாமனார், கண்ணைத் திறக்காமலே. அவள் ரவிக்கை நனைந்துகொண்டே இருக்கிறது.