மூன்றாவது தடவை

"கதவைப் பார்க்காதீங்கம்மா, என்னைப் பாருங்க. நல்லா யோசிச்சுட்டுத்தான் கேட்கறீங்களா?"

அரசு சேவை மையத்தின் கவுன்ட்டருக்குப் பின்னால் இருந்த இளம்பெண் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள். ஆனாலும் எதிரே உட்கார்ந்திருந்தவள் மறுபடி வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

வண்டியை நிறுத்த இடம் தேடிப் போன கணவர் எந்த நிமிஷமும் உள்ளே வரலாம். முகவரி மாற்றம் என்று பொய் சொல்லித்தான் அவரைக் கிளப்பி வந்திருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு குழந்தையைப் பெற்று, ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்காமல் தத்துக் கொடுத்தவள் அவள். அது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் அன்றோடு குடும்பம் சிதறிவிடும்.

இப்போது புதுச் சட்டம் வந்திருக்கிறது. தத்துப் போன பிள்ளை மனுப் போட்டால், பெற்றவளின் பெயரையும் முகவரியையும் கொடுத்துவிடுவார்களாம். அவள் முந்திக்கொண்டு மறைக்கச் சொன்னால்தான் தப்பிக்கலாம்.

"யோசிச்சாச்சு. சீக்கிரம் முடிம்மா."

"ஒருதரம் மறைச்சா மறைச்சதுதான். அப்புறம் நீங்களே வந்து அழுதாலும் திறக்க முடியாது. சம்மதமா?"

"சம்மதம்."

"இது ரெண்டாவது தடவை. இன்னும் ஒருதரம் கேட்பேன், திட்டாதீங்க. மூணு தடவை கேட்கணும்ங்கறது ரூல்."

"அந்தப் புள்ள... என்னைத் தேடுதா? கம்ப்யூட்டர்ல ஏதாவது காட்டுதா?"

"பிள்ளையோட பக்கம் எங்களுக்கே திறக்காதும்மா. உங்க பாதி மட்டும்தான் எனக்குத் தெரியும். மனுப் போட்டிருந்தா, பெத்தவங்க மறைச்சுட்டாங்கன்னு உடனே அவங்க போனுக்குத் தகவல் போயிடும். உங்க பேர் போகாது, பயப்படாதீங்க."

வாசலில் காவலாளி, உள்ளே வந்த ஒருவரின் பையைத் துழாவிக்கொண்டிருந்தார். பைக்குச் சொந்தக்காரர் அவள் கணவர்.

"என்னடி, முகவரி மாத்த ஒரு யுகமா?" அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

அவள் நாற்காலியைக் கவுன்ட்டரோடு ஒட்டி இழுத்துக்கொண்டாள்.

"மூணாவது தடவை கேட்கறேன்ம்மா..."

"சம்மதம், சம்மதம், சம்மதம்! எத்தனை தடவை வேணுமோ எழுதிக்கோ!"

அந்தப் பெண் பெருமூச்சுடன் கைரேகை மெஷினை முன்னால் நகர்த்தினாள். எதிரே இருந்தவள் அதில் விரலை அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது. போன உயிர் திரும்பி வந்தது.

கணவர் வந்து பக்கத்தில் நின்றார். அதே நேரம், மேஜைமேல் கவிழ்த்து வைத்திருந்த அந்தப் பெண்ணின் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தவளின் முகம் வெளுத்தது.

"என்னம்மா, கெட்ட சேதியா?" கணவர் பரிவாகக் கேட்டார்.

"ஒண்ணுமில்லை சார்." அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "என்னைப் பெத்தவங்க யாருன்னு கேட்டு மனுப் போட்டிருந்தேன். மறைச்சுட்டாங்களாம்... இப்பத்தான்... இந்த நிமிஷம்தான்..."

சொல்லிக்கொண்டே வந்தவளின் பார்வை, மெஷினிலிருந்து இன்னும் எடுக்காத அந்த விரலில் வந்து நின்றது.