கொட்டாத குடம்

யூதர் தெருவில் சாவை வாயால் சொல்லும் வழக்கம் இல்லை. ஒரு வீட்டில் உயிர் போனால் அக்கம்பக்கத்தார் தங்கள் வீட்டுத் தண்ணீரையெல்லாம் வாசலில் கொட்டிவிடுவார்கள். பார்த்தவர் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

காய்ச்சலில் கிடந்த மகன் செலிக் தண்ணீர் கேட்டான் என்று கிணற்றுக்கு ஓடிய பெல்லா, இடுப்பில் நிறைகுடத்தோடு திரும்பினாள். தெருமுனையிலேயே கல்தரை நனைந்திருந்தது. தன் வீட்டை நெருங்க நெருங்க ஈரம் கூடிக்கொண்டே வந்தது.

“யாரு வீட்டுலக்கா?” என்று கேட்டாள்.

பக்கத்து வீட்டு மின்னா காலி வாளியைக் கீழே வைத்தாள். பெல்லாவின் குடத்துக்குக் கை நீட்டினாள்.

பெல்லா குடத்தின் வாயை உள்ளங்கையால் இறுக மூடிக்கொண்டாள்.

“விடுங்கக்கா. புள்ள தாகத்தோட இருக்கான்.”