ஓடாத கிலோமீட்டர்

"ஒண்ணரைக் கோடி வண்டிக்கு எழுபது லட்சமா? நாலே வருஷம்தான் ஆச்சு!" பாமா விடுவதாக இல்லை.

பழைய கார் ஷோரூமில் எதிரே உட்கார்ந்திருந்த கிரண் பொறுமையாகச் சொன்னான். "பெரிய எஸ்யூவி எல்லாம் அப்படித்தான் மேடம். பவர் ஜாஸ்தி, விலையும் வேகமா இறங்கும்."

"இன்னும் இறங்கறதுக்குள்ள வித்துடலாம்" என்றான் அவள் கணவன் சுதீர். ஒரு வாரமாக அவன் வாயில் வேறு பேச்சே இல்லை.

பாமா அசரவில்லை. "தினமும் இவர் ஒயிட்ஃபீல்டு ஆபீஸ் போயிட்டு வர்ற வண்டி. ஒரு கீறல் இருக்கா பாருங்க."

அதற்குள் மெக்கானிக், வண்டியில் ஸ்கேனர் மாட்டி எடுத்த ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து வைத்தான். படித்த கிரண் நெற்றியைச் சுருக்கினான்.

"மேடம், போன சர்வீஸுக்கு அப்புறம் எட்டு மாசத்துல வண்டி ஓடினது அறுநூறு கிலோமீட்டர்தான். ஆனா இன்ஜின் ஆயிரத்து முந்நூறு மணி நேரம் ஆன்ல இருந்திருக்கு. தினமும் எங்கேயோ நிறுத்தி, பகல் பூரா ஏசி போட்டு யாரோ உக்காந்திருக்காங்க. இன்ஜின் தேய்மானம் ஜாஸ்தி. அறுபத்திரண்டு லட்சம், அஷ்டே, அவ்ளோதான். அதுக்கு மேல கட்டுப்படியாகாது."

பாமா சுதீரைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அறுபத்திரண்டே போடுங்க" என்று சாவியை மேஜைமேல் வைத்தாள்.

வெளியே வந்து ஓர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள். ஏறி உட்கார்ந்த பிறகுதான் பேசினாள்.

"நாளைக்கு டிபன் டப்பா கட்டல சுதீர். வீட்டுலயே சூடா சாப்பிடு. வேலை கிடைக்கறப்போ கிடைக்கும்."