ஆயிரத்து எண்ணூறு வாசல்கள்

“அண்ணி, கோவிச்சுக்காதீங்க. இது தண்ணி கேன் கடையா, போட்டோ ஸ்டூடியோவா?”

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த கொழுந்தன் கேட்டான். பெரிய கம்பெனியில் டேட்டாபேஸ் வேலை பார்ப்பவன். அன்று காலை அண்ணி ஒரு புது வாடிக்கையாளரின் பெயரைச் சேர்க்கப் போக, ஃபைலில் இடமில்லை என்று கம்ப்யூட்டர் கையை விரித்துவிட்டது. அதனால் லீவு நாளும் அதுவுமாக அவனை இழுத்து வந்திருந்தாள்.

“இந்த சாஃப்ட்வேர்ல ஒரு ஃபைல் ரெண்டு ஜிபிதான் தாங்கும். அதுல முக்காலே மூணு வீசம் போட்டோ. ஆயிரத்தி எண்ணூறு வீட்டு வாசலை எதுக்குப் படம் எடுத்து வச்சிருக்கீங்க?”

“சிலிப்புல வரணும்.”

கேன் ஏற்றிப் போகும் மூன்று வண்டிக்காரர்களுக்கும் தினமும் ஆளுக்கொரு சிலிப்பு. எந்த வீடு, எத்தனை கேன், பக்கத்தில் அந்த வீட்டு வாசலின் படம்.

“அட்ரஸ்தான் இருக்கே அண்ணி?”

“இருக்கட்டும். படமும் இருக்கட்டும்.” அண்ணி வண்டிச் சாவியை எடுத்தாள். “கேன் மூடி தீர்ந்துபோச்சு, வாங்கிட்டு வந்துடறேன். ஒன்பது மணிக்குள்ள மூணு வண்டியும் கிளம்பணும். படத்துல மட்டும் கை வைக்காதே.”

ஒரே ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு இந்த டேட்டாபேஸைத் தானே கட்டியவள் அவள். வாடிக்கையாளருக்கு ஒரு டேபிள், ஆர்டருக்கு ஒன்று, கேனுக்கு ஒன்று, எல்லாவற்றுக்கும் இடையில் சரியான முடிச்சு. குறை சொல்ல இடமில்லை. இந்தப் படப் பைத்தியம்தான் கொழுந்தனுக்குப் பொறுக்கவில்லை.

வெளியே மூன்று சக்கர சைக்கிள்களோடு வண்டிக்காரர்கள் காத்திருந்தார்கள். அவர்களில் வயதில் மூத்தவருக்கு ஜிபிஎஸ் என்று பட்டப்பெயர். ஊரில் அவர் நுழையாத சந்து கிடையாது.

“ஜிபிஎஸ் அண்ணே, இந்தப் படமெல்லாம் உங்களுக்குத் தேவையா?”

“அதை ஏன் கேக்கறீங்க தம்பி. முதலாளியம்மா எங்களுக்குப் பாலர் வகுப்பு நடத்தறாங்க. படம் பார்த்துத்தான் வீட்டைக் கண்டுபிடிக்கணும்னா நான் எதுக்கு, ஒரு கழுதைய அனுப்பிடலாமே.”

மற்ற இருவரும் சிரித்தார்கள்.

இது போதாதா? கொழுந்தன் படங்களை நீக்கினான். ஃபைலைச் சுருக்கினான். ரெண்டு ஜிபியாக இருந்தது எட்டு எம்பி ஆனது. மூன்று பக்க சிலிப்பு அரைப் பக்கத்தில் அடங்கியது. தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு.

இரண்டு பேர் சிலிப்பை வாங்கிய கையோடு கிளம்பிவிட்டார்கள். ஜிபிஎஸ், “இதுதான் சிலிப்பு” என்று பாராட்டி, மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு டயருக்குக் காற்றடித்தார். செயினுக்கு எண்ணெய் விட்டார். கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். காற்றடித்த டயரை மறுபடி அமுக்கிப் பார்த்தார்.

மணி ஒன்பதே கால். மனிதர் வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறார் என்று கொழுந்தன் முடிவு கட்டினான். அண்ணி வந்ததும் காதில் போட்டுவைக்க வேண்டும்.

அண்ணி வந்து இறங்கினாள். நிற்கிற வண்டியைப் பார்த்தாள். உடனே கையை நீட்டினாள்.

“அண்ணே, அந்த சிலிப்பக் குடுங்க. இவன் தப்பா அடிச்சிட்டான்.”

உள்ளே வந்து, முந்தின நாள் எடுத்த பேக்கப்பைத் திறந்து, மூன்று பக்கத்தையும் படத்தோடு அடித்து, அவர் கையில் கொடுத்தாள்.

“மறுபடியும் பாலர் வகுப்பா” என்று முனகிக்கொண்டே ஜிபிஎஸ் வண்டியை மிதித்தார். இரண்டே நிமிஷத்தில் தெருமுனையைத் தாண்டிவிட்டார்.

“அவரே வேணாங்கறாரு. மத்த ரெண்டு பேரும் படம் இல்லாமத்தான் போயிருக்காங்க. உங்களுக்கு மட்டும் ஏன் அண்ணி இந்தப் பிடிவாதம்?”

“படத்தையெல்லாம் வெளியே ஒரு ஃபோல்டர்ல போடு. அது எங்க இருக்குங்கறதை மட்டும் டேபிள்ல எழுதி வை. ஃபைல் நிரம்பாது. இதை உனக்கு நான் சொல்லணுமா?”

சொல்ல வேண்டியதில்லைதான். படமே வீண் என்று நினைத்தவனுக்கு அது தோன்றவில்லை. வேலையில் இறங்கினான்.

வாசல் படங்கள் முடிந்து ஊழியர் டேபிளுக்கு வந்தான். அதிலும் படங்கள். வேலைக்குச் சேரும்போது கொடுத்த விண்ணப்பங்கள். முதல் இரண்டிலும் அடியில் கையெழுத்து.

மூன்றாவதில், ஜிபிஎஸ்ஸின் பெயருக்குக் கீழே, கைநாட்டு.

அவர் சேர்ந்த தேதியைப் பார்த்தான். முதல் வாசல் படம் எடுத்த தேதியையும் பார்த்தான். அவர் சேர்ந்ததற்கு மறுநாள்.

அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஒருவருக்கு மட்டும் படம் போட்டால் தெரிந்துவிடும் என்று, மூவருக்கும் போட்டிருக்கிறாள். திரும்பி அண்ணியைப் பார்த்தான். அவள் மூடிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அவன் மிச்சப் படங்களை ஃபோல்டருக்கு மாற்றத் தொடங்கினான்.

மதியம் மூன்று வண்டிகளும் காலி கேன்களோடு திரும்பின. அடுத்த நாள் சிலிப்புகள், எல்லாம் படத்தோடு, மேஜையில் தயாராக இருந்தன.

ஜிபிஎஸ் எட்டிப் பார்த்தார். மற்ற இருவருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

“என்ன தம்பி, இவ்வளவு படிச்சவரு வந்தும் இந்தப் படத்தை ஒழிக்க முடியலையா?”

“வேணும்னு சொன்னதே நான்தாண்ணே” என்றான் கொழுந்தன், அதைவிட உரக்க. “வெறும் எழுத்தைப் பார்த்தா எனக்கு ஒரு வீடும் புரிய மாட்டேங்குது. கொஞ்சம் பொறுத்துக்குங்க.”