எந்தப் பக்கமாக அளப்பது?

"அளந்ததுல கடைசியா வந்தது யாரு, சொல்லு தங்கச்சி. ஒரு ஆளை வேலையால நிப்பாட்டத்தான் வேணும்," என்றார் ஜவுபர்.

மருதமுனையில் அவருடைய தறிக் கொட்டிலில் எந்தத் தறி திறமையாக ஓடுகிறது என்று பல்கலைக்கழக ஆய்வுக்காக அளந்துகொண்டிருந்தாள் றிபா.

"அது எந்தப் பக்கமா அளக்கிறம் எண்டதுல இரிக்கி காக்கா. நெய்யிற சாறன் எண்ணிக்கையைக் கூட்டுற பக்கமா அளந்தா ஸைனம்பு ராத்தாதான் முதல். நூல் கழிவைக் குறைக்கிற பக்கமா அளந்தா அவதான் கடைசி."

"நூல் விக்கிற விலைக்குக் கழிவுதான் எனக்கு வயித்தெரிச்சல். அந்தப் பக்கமாவே அள."

றிபாவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஸைனம்புவின் கூடையில் அறுந்த நூல் எப்போதும் குவிந்து கிடக்கும். பக்கத்துத் தறி றுக்ஸானாவின் கூடையில் ஒரு பிடிகூட இருக்காது.

"ஏன் ராத்தா இவ்வளவு கழிக்கிறீங்க?" என்று கேட்டும் பார்த்தாள்.

"எனக்குக் கை அவசரம் மகள்," என்று சிரித்தாள் ஸைனம்பு.

வேலை போன அன்றும் அவள் மறுத்து ஒரு சொல் கதைக்கவில்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தாள். இப்படிக் கழித்தால் யார்தான் வைத்திருப்பார்கள் என்று மற்றப் பெண்கள் முணுமுணுத்தார்கள். பாவம், அவளுக்கும் அது கேட்டிருக்கும்.

கழிவு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்க அடுத்த கிழமை வந்தாள் றிபா.

றுக்ஸானாவின் கூடை நிரம்பி வழிந்தது. அறுந்த இழையை அவள் விரலால் தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தாள்.

றிபா கிட்டக் குனிந்தாள். "ராத்தா, உங்களுக்குக் கண்..."

"மெல்லக் கதைங்க மகள்." றுக்ஸானா அழுதுவிட்டாள். "கண் மங்கிக் கன நாள். பின்னேரத்துல என்ட கழிவையெல்லாம் ஸைனம்புதான் தன்ட கூடைக்குள்ள அள்ளிப் போடுவா. உண்மையைச் சொல்லிருவன் எண்டன், அவ விடல்ல. 'எனக்கு வேற தறி கிடைக்கும். உனக்கு யாருடி தருவா? வாயத் திறக்காத' எண்டுட்டுப் போயிட்டா."

வாசலில் ஜவுபரின் செருப்புச் சத்தம் கேட்டது. றிபா அந்தக் கூடையை அப்படியே தன் பைக்குள் கவிழ்த்தாள்.

"எப்படித் தங்கச்சி? நான் சொன்ன பக்கமா அளந்தது சரிதானே?"

றிபா பையின் வாயை இறுக்கிப் பிடித்தாள்.

"ஓம் காக்கா," என்றாள். "கழிவெல்லாம் ஸைனம்பு ராத்தாடதான்."