படம் வராத வீடியோ

மாசமாக இருக்கும் மகள் அனுப்பிய ஸ்கேன் வீடியோ லேசாகத் திக்கித் திணறுகிறது என்று கம்ப்யூட்டரில் பிரவுசரின் செட்டிங்ஸுக்குள் புகுந்து, கண்ணில் பட்டதையெல்லாம் தட்டி, வந்துகொண்டிருந்த படத்தையும் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார் மெக்கானிக். “வண்டியப் பிரிக்கிற மாதிரி இதையும் பிரிச்சாச்சா?” என்று கரண்டியோடு வந்து நிற்கிறாள் மனைவி. ஜன்னல் வெயிலில் கறுப்புத் திரையில் தெரிவது அவருடைய வழுக்கை மட்டும்தான். ஆனால் சத்தம் வருகிறது. டப்டப் டப்டப் என்று மூச்சுவிடாத ஓட்டம். எஞ்சின் உறுமலிலேயே கோளாறைச் சொல்லிவிடுகிறவர் ஸ்பீக்கரில் காதை வைக்கிறார். “டபுள் ஸ்பீடுல வெச்சுத் தொலைச்சுட்டேன் போல.” கிரீஸ் போகாத விரல் வேகத்தைக் குறைக்கத் தேடுகிறது, அது ஏற்கெனவே ‘நார்மல்’ என்றுதான் இருக்கிறது. பக்கத்தை மூடித் திறக்கிறார். அதே ஓட்டம். மனைவியின் கரண்டி அசையவில்லை. போன தடவை அவள் உண்டாகியிருந்தபோது, குழந்தைக்குத் துடிப்பே இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லி மகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். “அவகிட்டயே கேட்டுடுங்க,” என்கிறாள். மகளைப் போனில் பிடிக்கிறார்.

“சாப்டீங்களாப்பா?”

“அதை விடும்மா. படம் போனது என் கைங்கரியம். ஆனா துடிப்பு இப்படிப் பறக்குதே, ஏதாச்சும் கோளாறா? மழுப்பாம சொல்லு.”

டப்டப் டப்டப். உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற ஓர் உயிர் அறை முழுவதையும் நிறைத்துக்கொண்டு ஓடுகிறது. தன்னையறியாமல் எழுந்து நிற்கிறார் மெக்கானிக்.

“கோளாறு இல்லப்பா. வயித்துக்குள்ள இருக்கிற குழந்தைக்கு இதயம் அவ்ளோ வேகமாத்தான் அடிக்கும். நல்லா இருக்கு.”