கைப்பிடி

"ரயிலை நிறுத்துங்க அண்ணாச்சி!"

"நிறுத்தினா தீப்பிடிச்சிரும், தள்ளி நில்லும்மா!"

"பிள்ளை தண்டவாளத்துல நிக்கு, நீங்க பாட்டுக்குச் சுத்துதீங்களே!"

பாளையங்கோட்டைச் சலனப்படக் கூடாரத்தில், சிவசண்முகம் படம் காட்டும் மிஷினின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே சிரித்தார். கை நின்றால் விளக்குச் சூட்டில் படச்சுருள் எரிந்துவிடும். திரையில், தண்டவாளத்தில் நின்ற ஒரு பிள்ளையை நோக்கி, ஓட்டுநர் இல்லாத ரயில் ஒன்று பாய்ந்து வந்துகொண்டிருந்தது.

"படம் பாக்கது முதல் தடவையோ? அது வெறும் நிழலு தாயி. கடைசியில பிள்ளை பொழச்சுக்கிடும்."

"நிழலுன்னு எனக்குத் தெரியாதா?" மிஷின் பக்கம் ஓடி வந்திருந்த இன்பமணி, திரைப்பக்கம் கையைக் காட்டினாள். "முன்னால எந்திரிச்சு நிக்காரே, அவரு என் வீட்டுக்காரரு. இஞ்சின் டிரைவரு. போன மாசம் சேரன்மகாதேவி தாண்டி ஒரு பிள்ளை குறுக்க ஓடி வந்துட்டு. பிரேக்கைப் பிடிச்சும் வண்டி நிக்கலை. சோறு தண்ணி இல்லாம கெடந்தாரேன்னு, ரயில் படம்னு தெரியாமக் கூட்டியாந்துட்டேன்."

சிவசண்முகம் எட்டிப் பார்த்தார். அந்த மனிதர் பிரேக்கைப் பிடிப்பதுபோல் வெறும் காற்றைப் பிடித்து, இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டிருந்தார்.

சிவசண்முகத்தின் கை தளர்ந்தது. ரயிலும் தயங்கியது.

"நிறுத்தாதீங்க அண்ணாச்சி! பொழச்சுக்கிடும்னு சொன்னீங்கல்லா? வெரசாச் சுத்துங்க, அதை அவரு கண்ணால பாக்கட்டும்!"